பழைய வீட்டைப் புதுப்பித்து விற்பதா, இருக்கிறபடியே விற்பதா?

கேள்வி: எங்கள் பெற்றோர் கட்டிய வீடு இது. வயது 45 ஆகிறது. இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை, பின்பக்கம் பிற்பாடு சேர்த்துக் கட்டிய ஒரு குளியலறை. அப்பா, அம்மா இருவரும் இப்போது இல்லை. வீடு ஒன்றரை வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. நாங்கள் மூன்று பேரும் வேறு வேறு ஊரில் இருக்கிறோம். ஹால் கூரையில் ஒழுகிய கறை, குளியலறைச் சுவரில் ஓதம், ஒரு சன்ஷேடில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. வயரிங்கும் பழசு. ஒரு புரோக்கர், "நன்றாகப் புதுப்பித்தால் இரண்டு மடங்கு விலை போகும்" என்கிறார். இன்னொருவர், "வாங்குகிறவர் எப்படியும் இடிக்கத்தான் போகிறார், ஒரு காசும் போடாதீர்கள்" என்கிறார். அண்ணன் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க ஆள் பேசிவிட்டார். தங்கை, இருக்கிறபடியே விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறாள். எவ்வளவு செலவு செய்யலாம்? குறைகளை வாங்க வருபவரிடம் சொல்ல வேண்டுமா? என்ன விலை கேட்பது?

பதில்: முதலில் அண்ணனிடம் சொல்லி அந்தப் பெயின்டரை நிறுத்தி வையுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாக முடிவு செய்யலாம், இது மட்டும் அவசரம். ஓதம் ஏறிய சுவரில் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் சில மாதங்களில் கொப்பளித்து உரிந்துவிடும். அதற்குள் விற்றுவிடலாம் என்று அண்ணன் நினைக்கலாம். ஆனால் நாள்கணக்கில் பூட்டிக் கிடந்த பழைய வீட்டுக்குள் நுழைந்ததும் புதுப் பெயின்ட் வாசனை அடித்தால், வருகிறவருக்கு முதலில் வருவது சந்தேகம்தான். கூடவே ஒரு கொத்தனாரையும் அழைத்து வந்திருந்தால், அவர் நேராகப் போய்த் தட்டிப் பார்ப்பது புதிதாகப் பூசிய அந்தச் சுவரைத்தான்.

இரண்டு புரோக்கர்களும் பொய் சொல்லவில்லை. அவரவர் கையில் இருக்கிற வாடிக்கையாளரை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். ஒருவரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே குடிவர நினைக்கும் குடும்பங்கள் இருக்கும். இன்னொருவரிடம் மனை தேடும் பில்டர்கள் இருப்பார்கள். ஆகவே செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன், உங்கள் வீட்டை யார் வாங்கப் போகிறார் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கு சுலபம்தான். உங்கள் பகுதியில் இதே அளவு மனையில், இதே பரப்பில், பழுது எதுவும் இல்லாத வீடு 100-க்குப் போகிறது என்று வையுங்கள். உங்கள் வீட்டை அந்த நிலைக்குக் கொண்டுவர 15 ஆகும் என்று எஸ்டிமேட் வருகிறது. பழைய வீட்டில் சில விஷயங்கள் சுவரை உடைத்த பிறகுதான் தெரியவரும். அதற்காக எஸ்டிமேட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 3, கூடப் போடுங்கள். வாங்குகிறவர் வேலை முடிகிற வரை வேறு இடத்தில் வாடகை கொடுக்க வேண்டும், கடனுக்கு வட்டி கட்ட வேண்டும், வேலைக்காரர்கள் பின்னால் அலைய வேண்டும். அந்தத் தொல்லைக்கு 6. ஆக மொத்தம் 24 போக, 76. குடியிருக்க வாங்குகிறவர் இன்றைய நிலையில் நியாயமாகக் கொடுக்கக்கூடியது இதுதான்.

இப்போது மனைக் கணக்கு. வெறும் மனை மட்டும் 70-க்குப் போகும், இடித்து அப்புறப்படுத்த 3 ஆகும் என்றால் பில்டர் கொடுக்கக்கூடியது 67. இந்த நிலையில் உங்கள் வாடிக்கையாளர் குடியிருக்க வருகிறவர். அதுவே மனை 85 என்றால் பில்டர் 82 கொடுப்பார். அப்போது இரண்டாவது புரோக்கர் சொன்னது முழுக்கச் சரி: வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம். சாலை அகலமும் கூடுதல் மாடிக்கான அனுமதியும் இருக்கிற இடங்களில் பெரும்பாலும் இப்படித்தான் அமையும். நான் கொடுத்த எண்கள் கணக்குக்காகத்தான். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். அதற்கு, அக்கம்பக்கத்தில் உண்மையில் விற்று முடிந்த மூன்று நான்கு வீடுகளின் விலை வேண்டும். விளம்பரத்தில் கேட்கும் விலை உதவாது. அது விற்பவரின் ஆசையை மட்டுமே காட்டும்.

முதல் புரோக்கரின் "இரண்டு மடங்கு" எங்கிருந்து வருகிறது என்று அவரிடமே கேளுங்கள். புதுப்பித்த பிறகு 100 என்றால், இன்று 50-தான் என்று ஆகிறது. மேலே சொன்ன கணக்குப்படி வெறும் மனையே அதைத் தாண்டிவிட்டது. நீங்களே புதுப்பித்து 100-க்கு விற்றதாகவே வைத்துக்கொள்வோம். செலவு 18 போக 82 கையில் நிற்கும். இருக்கிறபடி விற்றால் 76. நடுவில் இருக்கும் அந்த 6, பல மாத மேற்பார்வைக்கும் முடங்கிய பணத்துக்கும் கூலி. மூன்று பேரும் வெளியூரில் இருந்துகொண்டு போனிலேயே கொத்தனாரை வேலை வாங்கினால் அந்த 6 தங்காது. ஊரிலேயே இருந்து, கட்டட வேலை தெரிந்த ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

ஆகவே முழுப் புதுப்பிப்பு வேண்டாம் என்பது என் கருத்து. அதற்காக ஒரு காசும் போட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் பணம் போட வேண்டியது, என்ன பழுது, எதனால், எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொள்வதில்.

1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு விஷயத்தை விளக்கினார். வண்டியின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகத்தோடு பார்த்து விலையைக் குறைக்கிறார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் ஒதுங்கிக்கொள்கிறார். 2001-இல் அவர் பொருளியல் நோபலைப் பகிர்ந்துகொண்டதற்கு இந்தச் சிந்தனைதான் அடிப்படை. பழைய வீடு விற்பதிலும் நான் பார்ப்பது இதுதான். கூரையில் ஒரு கறை. சரிசெய்ய ஆவது 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் தெரியாத வாங்குபவர், தளம் முழுக்கப் போயிருக்குமோ என்று பயந்து 10 குறைத்துக் கேட்பார். அவர் மேல் தப்பில்லை. நாமாக இருந்தாலும் அப்படித்தான் கேட்போம்.

அதனால் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து வீட்டைக் காட்டி, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். புரோக்கர் அனுப்பும் ஆளாகவோ, வேலையையும் தானே எடுத்துச் செய்கிறேன் என்பவராகவோ இருக்க வேண்டாம். பார்ப்பதற்கு மட்டும் கட்டணம் வாங்குகிறவராக இருந்தால்தான் அறிக்கைக்கு மதிப்பு.

அவர் முக்கியமாகப் பார்க்க வேண்டியது கம்பி தெரிகிற அந்த சன்ஷேடு. வெறும் சன்ஷேடுதானே என்று விடக் கூடாது. கான்கிரீட் புதிதாக இருக்கும்போது காரத்தன்மை மிக அதிகம், பிஎச் அளவு 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகித் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் மெதுவாக உள்ளே இறங்கிக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். பிஎச் 9-க்குக் கீழே போனால் படலம் போய்விடும். அப்புறம் ஈரமும் காற்றும் போதும், துருவேற. துரு இரும்பைப்போலப் பல மடங்கு இடம் பிடிப்பது. அது விரிந்து தள்ளுவதால்தான் காரை பெயர்ந்து விழுகிறது. சன்ஷேடு மெல்லிசு, மழை நேராக அடிக்கும், கம்பிக்கு மேல் காரையும் குறைவு. அங்கே இது முதலில் வருவது சகஜம். ஹால் தளத்திலும் இதே நிலையா என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஹால் கூரையில் ஒரு மூலையில் சின்னதாகக் கொத்தி, தூசியைத் துடைத்து, புதிதாக உடைந்த பக்கத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். காரம் இருக்கும் இடம் பளிச்சென்று ரோஸ் நிறமாக மாறும், காரம் போன இடம் நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். நிறம் மாறாத பகுதி மேலோடு நின்று கம்பியைச் சுற்றி ரோஸ் ஏறியிருந்தால் பயமில்லை. கம்பியைத் தாண்டியும் நிறமே வரவில்லை என்றால், அந்தத் தளத்துக்குப் பெரிய வேலை காத்திருக்கிறது. அப்போது உங்கள் கணக்கில் 15 என்பது 25 ஆகலாம், பில்டர் கணக்கே மேல் என்றும் ஆகலாம். சின்னச் சோதனைதான், ஆனால் யாருக்கு விற்பது என்பதையே மாற்றிவிடும். கூடவே கூரை முழுக்கச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டியான இடம் கணீரென்று கேட்கும். பூச்சு விட்டிருக்கும் இடம் பொத்தென்று கேட்கும்.

கூரை ஒழுகலுக்கு உடனே நீர்புகாப் பூச்சு என்று இறங்கிவிடாதீர்கள். ஒன்றரை வருடமாக யாரும் மாடிக்குப் போகவில்லை. மழைநீர்க் குழாய் வாயில் சருகு அடைத்து, தண்ணீர் தேங்கிக் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். முதலில் அதை எடுங்கள். யாராவது தண்ணீர் கட்டி நிறுத்திச் சோதிக்கலாம் என்றால், பொறியாளரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். 5 சென்டிமீட்டர் தண்ணீர் என்றாலே சதுர மீட்டருக்கு 50 கிலோ. கம்பி துருவேறிய தளத்தின் மேல் அதை ஏற்றுவது விளையாட்டு இல்லை.

குளியலறைச் சுவருக்கு, ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பாருங்கள். குறைந்திருந்தால் சுவருக்குள் ஓடும் குழாயில் கசிவு. குறையவில்லை என்றால் கழிவுக் குழாய் அல்லது டைல்ஸ் இடுக்கு. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை மட்டும் உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஈரம் மேலே ஏறுகிறது என்று பொருள். மூன்றுக்கும் மூன்று விதச் செலவு. கடைசியாகச் சொன்னதுதான் பிடிவாதமானது.

சரி, எதைச் செய்து முடித்துவிட்டு விற்கலாம்? தண்ணீர் உள்ளே வருவதை நிறுத்துங்கள். ஒழுகல் நின்றுவிட்டால் மற்ற சேதம் வளரும் வேகமும் குறையும். சன்ஷேடின் தளர்ந்த காரை யார் தலையிலாவது விழுவதற்கு முன் தட்டி எடுத்துவிடுங்கள். மேலே சிமென்ட் அப்பி மூட வேண்டாம். துருவை நீக்காமல் அப்பினால் மறுபடியும் விழும், அதுவரை மறைத்த பழியும் சேரும். வயரிங் முழுவதையும் மாற்றினால் சுவரைக் கொத்த வேண்டும், பூச வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும் என்று இழுத்துக்கொண்டே போகும். அது வேண்டாம். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் இருக்கிறதா, 500 வோல்ட்டில் இன்சுலேஷன் ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் நிற்கிறதா என்று சோதித்து எழுதி வாங்குங்கள். தேறாத இணைப்பைத் துண்டித்துவிட்டு, மெயினில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும் பிரேக்கர் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். வீடு பார்க்க வருகிறவர் சுவிட்சைத் தொட்டு ஷாக் அடித்தால் அத்தோடு பேச்சு முடிந்தது.

பூட்டிக் கிடந்த வீடுகளில் ஒரு வாடை வரும். சாக்கடை அடைப்பு என்று நினைத்து ஆளைக் கூப்பிட்டு விடுவார்கள். பெரும்பாலும் விஷயம் இவ்வளவுதான்: குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அதுதான் கீழிருந்து வரும் காற்றைத் தடுக்கிறது. புழக்கம் இல்லாமல் அது வற்றிவிட்டது. எல்லா ஓட்டையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி ஜன்னல்களைத் திறந்து வைத்தால் ஒரே நாளில் வாடை போய்விடும். குழாய்களையும் சிறிது நேரம் திறந்துவிடுங்கள். பழைய இரும்புக் குழாயில் தேங்கிய செந்நிறத் தண்ணீர் பார்க்க வருகிறவர் கையில் விழ வேண்டாம். அப்பா அம்மாவின் சாமான்களை எடுத்து வீட்டைக் காலி செய்யுங்கள். இதற்குத்தான் மனம் வராது என்று தெரியும். ஆனால் காலி அறை பெரிதாகத் தெரியும், சுவர் முழுவதும் கண்ணில் படும்.

சமையலறை, டைல்ஸ், கதவு எதையும் மாற்ற வேண்டாம். உங்கள் ரசனைக்குப் போட்டதை அவர் உடைத்துவிட்டுத் தன் ரசனைக்குப் போடுவார். எதையாவது ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துவது எல்லாவற்றையும்விட மோசம். பாதி கொத்திய சுவரைப் பார்த்தால், உள்ளே ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துப் பயந்து விட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றும். பெயின்டருக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றால் வெளிக் கேட்டையும் முன்பக்கச் சுற்றுச்சுவரையும் செய்யச் சொல்லுங்கள். பழைய ஆயில் பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகச் சுரண்டாமல் தண்ணீர் போட்டுத் தேய்க்கட்டும். குளியலறை மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை வெட்டவோ உடைக்கவோ விடாதீர்கள். அந்த நார்த்தூசி புற்றுநோய் வரவழைப்பது.

குறைகளைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள், எழுத்திலேயே சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரிகிற குறையை வாங்குபவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பழைய வழக்கம். ஆனால் தெரிந்தே மறைத்த குறைக்குப் பல நாடுகளின் சட்டம் விற்றவரைத்தான் பொறுப்பாக்குகிறது. "உள்ளது உள்ளபடி" என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் மோசடியிலிருந்து தப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொறியாளர் அறிக்கை, எலக்ட்ரீஷியன் அறிக்கை, கொத்தனார் எஸ்டிமேட் மூன்றையும் சேர்த்து, நிஜமாக வாங்கும் எண்ணத்தோடு வருபவர் கையில் ஒரு பிரதி கொடுங்கள். இதில் லாபமும் இருக்கிறது. பேரம் முடிந்த பிறகு தன் ஆளை அனுப்பிப் பார்த்துவிட்டு, "கம்பி துருப்பிடித்திருக்கிறதே" என்று மறுபடி விலையைக் குறைப்பது பலரின் பழக்கம். "அது அறிக்கையில் இருக்கிறது, கழித்துத்தான் விலை சொன்னோம்" என்று நீங்கள் அமைதியாகச் சொல்லலாம்.

விலைக்கு வருவோம். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட சோதனையில் ஆட்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காப்பிக் கோப்பையைக் கொடுத்து, பிறகு விற்கச் சொன்னார்கள். கையில் கோப்பை இருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வேண்டியவர்கள் கொடுக்கத் தயாரான விலையைப்போலச் சுமார் இரண்டு மடங்கு. சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கே அப்படி என்றால் பெற்றோர் வீட்டுக்குக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் விலையை மூவரும் மனதில் இருந்து சொல்லாமல் மேலே சொன்ன கணக்கிலிருந்து எடுக்கச் சொல்கிறேன். கணக்கு 76 என்றால் 79, 80 என்று ஆரம்பியுங்கள். 95 என்று ஆரம்பித்து மாதாமாதம் இறக்கினால், வீடு நாள்பட்டுக் கிடக்கிறது என்ற பேச்சு பரவி 76-ம் கிடைக்காமல் போகலாம்.

விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே மூன்று பேரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்ற விலை, பேசப்போவது யார், இப்போது செலவழிப்பவருக்கு விற்ற பணத்தில் முதலில் திருப்பித் தருவது. மூன்று வாரிசு இருக்கிற சொத்தில் பேரம் முறிவது பெரும்பாலும் வாங்குபவரால் இல்லை. பின்பக்கக் குளியலறை அனுமதி வரைபடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிற்பாடு சேர்த்தது என்கிறீர்கள், பெரும்பாலும் இருக்காது. அதை முறைப்படுத்த முடியுமா, என்ன ஆகும் என்று உள்ளூர் கட்டட அலுவலகத்திலும் ஒரு வழக்கறிஞரிடமும் இப்போதே கேட்டு வையுங்கள். வாங்குபவரின் வங்கி அதைப் பார்த்துவிட்டுக் கடனை நிறுத்தினால் இரண்டு மாதம் வீணாகும்.

கடைசியில் உங்கள் முன் இரண்டு பேர் நிற்கலாம்: கையில் பணம் வைத்துக்கொண்டு 73 சொல்கிறவர், வங்கிக் கடனை நம்பி 77 சொல்கிறவர். 77 என்றதும் தலையாட்டிவிட வேண்டாம். வங்கி தன் பொறியாளரை அனுப்பும், அவர் இதே சன்ஷேடையும் இதே குளியலறையையும் பார்ப்பார். உங்கள் அறிக்கையை முதலிலேயே அந்த வங்கியில் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். கடன் தருவதாக வங்கி எழுதிக் கொடுத்தால் 77-க்கே கொடுங்கள். சாக்குச் சொல்லி இழுத்தால் 73-க்காரரை விடாதீர்கள். யாரோடு போட்டாலும் ஒப்பந்தத்தில் கிரயத்துக்கு ஒரு கடைசித் தேதி இருக்கட்டும், அந்தத் தேதிக்குள் பணம் வராவிட்டால் முன்பணம் என்ன ஆகும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.